பென்ஷி இல்லாத திரை

அடைமழை இரவு. பளபளக்கும் உடையில் ஒரு பெண் ஆடுகிறாள்; அவளுக்குப் பின்னால் கோடு போட்ட பெரிய உருண்டை ஒன்று சுழல்கிறது. ஏதோ நாடக மேடை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேமரா பின்னால் நகர்கிறது. குறுக்கே கம்பிகள். அவள் ஆடுவது மனநல விடுதியின் பூட்டிய அறைக்குள்.

1926இல் தெய்னொசுகே கினுகாசா எடுத்த ஜப்பானிய மௌனப் படம், ‘குருத்தா இப்பேஜி’. பித்தின் ஒரு பக்கம் என்று பொருள். கினுகாசா, பெண் வேடமிடும் நடிகராகத் திரைக்கு வந்தவர். கதையை உருவாக்குவதில் பங்கேற்ற இளம் எழுத்தாளர் யசுனாரி கவபாட்டா, 1968இல் நோபல் பரிசு பெற்றார்.

கதை எளியது. தன் கொடுமையால் மனைவியின் புத்தி பேதலித்ததை எண்ணி மருகும் வயதான முன்னாள் மாலுமி ஒருவர், அவள் இருக்கும் விடுதியிலேயே எடுபிடி வேலைக்குச் சேர்கிறார். படத்தில் பேய் கிடையாது. நாம் பார்ப்பது நடப்பதா, கிழவரின் நினைவா, நோயாளியின் கண்ணில் தெரிவதா என்று பிடிபடாமல் போவதே அச்சம். ஒரு கட்டத்தில் அவர் நோயாளிகளின் முகங்களில் சிரிக்கும் முகமூடிகளை மாட்டிவிடுகிறார். பித்தேறிய உடல்கள்மேல் அசையாத புன்னகை. அழுகையைவிட அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

வசனத்தையும் கதையையும் சொல்லும் எழுத்து அட்டை ஒன்றுகூட இந்தப் படத்தில் கிடையாது. ஆனாலும் அன்றைய ரசிகர்கள் இருட்டில் தடுமாறவில்லை. ஜப்பானின் மௌனப் பட அரங்குகளில் திரைக்குப் பக்கத்தில் ‘பென்ஷி’ என்ற கதைசொல்லி இருப்பார். பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பார், நடப்பதை விளக்குவார். அவர் பெயருக்காகவே கூட்டம் கூடியதும் உண்டு. டோக்கியோவின் முசாஷினோகான் அரங்கில் இந்தப் படத்துக்குக் கதை சொன்னவர், புகழின் உச்சியில் இருந்த முசெய் தொகுகவா.

1930களில் பேசும் படம் வேரூன்ற, பென்ஷிகள் பிழைப்பை இழந்தார்கள். இந்தப் படமும் தொலைந்தே போனது என்றுதான் பல ஆண்டுகள் நம்பினார்கள். 1971இல் தன் வீட்டுக் கொட்டகையில் கினுகாசாவே அதைக் கண்டெடுத்தார்; பின்னர் இசை சேர்த்து மறுபடி வெளியிட்டார். கிடைத்தது மூலத்தைவிட நீளம் குறைந்த பிரதி. படச்சுருள் திரும்பியது, தொகுகவாவின் குரல் திரும்பவில்லை.

ஆகவே, புரியாததே இந்தப் படத்தின் பெருமை என்று கொண்டாடுவது பாதி உண்மைதான். பார்க்க வாய்ப்பு கிடைத்தால் கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருங்கள். முடிந்தால், கதை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 1926இல் அப்படித்தான் பார்த்தார்கள்.