ஹெலிகாப்டர் விபத்து: கவனத்தைத் திருடிய செல்போன்!

பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோனா என்ன செய்வோம்? பங்க் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவோம். ஆனா, பறந்துக்கிட்டு இருக்கிற ஹெலிகாப்டர்ல தீர்ந்துபோனா?

2011 ஆகஸ்ட் 26. அமெரிக்காவின் மிசௌரி மாகாணம். பெத்தனி என்ற ஊரில் இருக்கும் மருத்துவமனையிலிருந்து நோயாளி ஒருவரை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வந்தது ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர். அங்கே இறங்கிய பைலட், தான் நினைத்ததைவிட எரிபொருள் ரொம்பவே குறைவாக இருப்பதாகத் தகவல் மையத்துக்குச் சொன்னார். ஆனாலும், பயணத்தை நிறுத்தவில்லை. வழியில் மோஸ்பி விமான நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். விமான நிலையத்துக்கு இன்னும் சுமார் ஒரு மைல்தான். எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நின்றது. பைலட், நர்ஸ், பாராமெடிக், நோயாளி என நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

எங்கே தவறு நடந்தது?

விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2013-ல் காரணங்களை அறிவித்தது. போதுமான எரிபொருள் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பைலட் உறுதி செய்யவில்லை. குறைவு என்று தெரிந்தும் மறுபடி பறந்தார். இன்ஜின் நின்றதும் 'ஆட்டோரொட்டேஷன்' முறையில் இறக்கவும் முடியவில்லை.

அதென்ன ஆட்டோரொட்டேஷன்? இன்ஜின் நின்றாலும், கீழே இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே மேலிருக்கும் பிளேடுகளைச் சுற்றவைக்கும். அதை வைத்துப் பத்திரமாகத் தரையிறங்கலாம். ஆனால், பைலட் ஒரு சில நொடிகளுக்குள் செயல்பட வேண்டும். தாமதித்தால் பிளேடுகளின் வேகம் குறைந்து, ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

பணி நேரத்தில் பைலட் அனுப்பிய, பெற்ற பர்சனல் மெசேஜ்களும், அவருடைய களைப்பும் இந்த விபத்துக்குத் துணைக் காரணங்கள் என்றது வாரியம். இத்தனைக்கும், இன்ஜின் நின்ற நேரத்தில் அவர் மெசேஜ் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லை. கவனம் சிதறியது அதற்கு முன்பே!

என்னவெல்லாம் பார்க்கணும்?

* எரிபொருள், ஆயில் அளவு
* மெயின் ரோட்டார், டெயில் ரோட்டார் பிளேடுகளில் சேதம் இருக்கிறதா?
* இன்ஜின் மூடிகள், கதவுகள் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா?
* நிறுத்தும்போது பிளேடுகளில் கட்டிய கயிறுகளைக் கழற்றியாச்சா?

'எல்லாம் ஞாபகம் இருக்கு' என்று நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் செக்லிஸ்ட். நடுவில் போன் வந்து கவனம் கலைந்தால், திரும்ப முதலில் இருந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு.

வீக்எண்டுக்கு லாங் ரைடு கிளம்புறீங்களா? டயர், பிரேக், பெட்ரோல் பார்க்கிற அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் போன் பாக்கெட்லயே இருக்கட்டும்!