உவர் விழுங்கிய சுமேர்

ஆற்றங்கரைகளே நாகரிகத்தின் தொட்டில்கள் என்று பள்ளிப் பருவத்திலே படித்தோம். ஆற்று நீரே ஒரு நாகரிகத்தின் வேரை அரித்த வரலாற்றை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. இன்றைய ஈராக்கின் தென்பகுதியிலே, யூப்பிரத்தீஸ், தைகிரிஸ் நதிகளுக்கிடையே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த சுமேரியரின் வரலாறு அது.

மழை அருகிய அந்நாட்டிலே அவர்கள் கால்வாய் வெட்டி வயல்களுக்கு நீர் பாய்ச்சினர். விளைவு பெருகிற்று, நகரங்கள் எழுந்தன, கணக்கு வைக்கும் தேவையிலிருந்து எழுத்தும் பிறந்தது. ஆனால் ஆற்று நீரிலே கண்ணுக்குப் புலனாகாத உப்பும் கலந்திருந்தது. நிலமோ தட்டையானது; நீர் வடிந்தோட வழியில்லை. பாய்ச்சிய நீரைக் கடுவெயில் உறிஞ்ச, உப்பு மண்ணிலே தங்கிற்று. நிலத்தடி நீர்மட்டமும் ஆண்டாண்டாக உயர்ந்து, அடியிலிருந்த உப்பை மேலே கொணர்ந்தது. நன்னீர்க் கிணறு உவர்க் கிணறாவதைக் கண்டறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. ஓராண்டு விதைத்த வயலை மறு ஆண்டு தரிசாக விடுவர். அங்கே முளைக்கும் ஆழவேர்ச் செடிகள் அடிநிலத்து ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தைத் தாழ்த்தும். எனினும் பெருகிய குடிக்கும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் தானியம் வேண்டியிருந்தபோது, தரிசுக் காலத்தைக் குறைப்பதே எளிதாகத் தோன்றியிருத்தல் கூடும்.

நீருக்காகப் போரும் மூண்டது. லகாஷ், உம்மா என்னும் அயல் நகரங்கள் எல்லை நிலத்துக்கும் நீருக்குமாகத் தலைமுறை தலைமுறையாகப் பொருதன. கி. மு. 2400 அளவில் லகாஷ் மன்னன் என்தெமேனா தைகிரிசிலிருந்து கால்வாய் கொணர்ந்தான். அந்த மிகை நீரே அப்பகுதியை உவராக்கத் தொடங்கிற்று என 1958இல் யாக்கொப்சன், அடம்ஸ் என்னும் அறிஞர் இருவர் எழுதினர்.

அவர்கள் காட்டிய சான்று, மட்பாண்டங்களிற் பதிந்த தானியத் தடங்களும் களிமண் ஏடுகளிலுள்ள கணக்குகளுமாம். கோதுமை உப்பைத் தாங்காது. வாற்கோதுமை ஓரளவு தாங்கும். கி. மு. 3500 அளவில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக விளைந்தன. கி. மு. 2500 அளவில் கோதுமை ஆறிலொரு பங்காயிற்று. 2100 அளவில் நூற்றுக்கு இரண்டே. 1700 அளவில் தென்பகுதியிலே அதன் செய்கையே அற்றுப்போயிற்று. கிர்சு நகரிலே கி. மு. 2400 அளவில் ஹெக்டேயருக்கு 2,537 லீற்றராயிருந்த விளைவு, 2100 அளவில் 1,460 ஆகக் குறைந்தது. பண்டைய அளவைகளை இக்கால அளவைகளாக மாற்றுவது எளிதன்று. ஆதலால் இக்கணக்கை ஐயுறும் அறிஞரும் உளர்.

கி. மு. 2004 அளவில் ஈலாமியர் ஊர் என்னும் தலைநகரைச் சூறையாடினர். (அப்பெயரைக் கொண்டே தமிழுறவு நாட்டுவாரோடு நாம் சேரோம்.) வரலாற்று நூல்கள் பலவும் படையெடுப்பையே பெரிதாகச் சொல்லும். அமோரியரின் ஊடுருவலும் ஆட்சிச் சீர்குலைவும் காரணங்கள் என்பதை நாமும் மறுப்பதில்லை. ஆனால் பகைவர் வருமுன்னரே அந்நகரிலே பஞ்சம் வந்துவிட்டது. கடைசி மன்னன் இப்பி-சின் தானியம் வாங்கிவர ஓர் அதிகாரியை வடக்கே அனுப்பினான் என்று, பிற்காலப் பிரதிகளாய்க் கிடைத்த கடிதங்கள் கூறுகின்றன. அந்த அதிகாரியாகிய இஷ்பி-எர்ரா, இசின் நகரிலே தானே அரசனாகிவிட்டான்!

பின்னர் ஆதிக்கம் வடக்கே பாபிலோனுக்குப் பெயர்ந்தது. யூப்பிரத்தீசும் தன் போக்கை மாற்றி ஊர் நகரைவிட்டு விலகிற்று. இன்று அந்நகரின் இடிபாடுகளைச் சூழ வறண்ட வெளியே கிடக்கின்றது. தென் ஈராக்கின் வயல்கள் பலவற்றிலே இப்பொழுதும் வெள்ளை வெளேரென உப்புப் பூக்கின்றது.