டார்வின் தேடிய கைராசி

எங்கள் குடும்ப டாக்டரை விட்டு இன்னொருவரிடம் போனபோது நான் பட்ட கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருஷப் பழக்கம். குழந்தைகளுக்கு அம்மை வார்த்தது, மாமியாரின் மூச்சிரைப்பு, எனக்கு அவ்வப்போது வந்து போகும் கற்பனை வியாதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் சில காலமாக, நான் உபாதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிடுவார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதங்கள், அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல எதிர்ச் சாரியில் நடந்தேன்.

நம்மவர்கள் இந்த விவகாரம் முழுவதையும் 'கைராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். படிப்பும் பட்டமும் அப்புறந்தான். இதெல்லாம் விஷயம் தெரியாதவர்களின் பேச்சு என்று நான் எண்ணியிருந்தேன், சார்லஸ் டார்வினின் வாழ்க்கையையும் கடிதங்களையும் படிக்கும் வரையில். சாட்சியம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத அந்த மகா மேதை, நாற்பது வருஷங்களுக்கு மேல் ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் அலைந்திருக்கிறார்!

இத்தனைக்கும் அவர் வைத்தியர்கள் வீட்டுப் பிள்ளை. பாட்டனார் எராஸ்மஸ் பேர்போன வைத்தியர். தகப்பனார் ராபர்ட், ஷ்ரூஸ்பரி நகரத்தில் தொழில் நடத்தியவர். ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற பருமனுமாக ஆஜானுபாகுவான மனிதர். மகனையும் வைத்தியனாக்க வேண்டுமென்று 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த ரண சிகிச்சையைப் பார்க்கச் சகியாமல் பையன் பாதியிலேயே வெளியே ஓடி வந்துவிட்டான். வைத்தியப் படிப்பு அத்துடன் போயிற்று.

1836-இல் பீகிள் கப்பலில் உலகத்தைச் சுற்றித் திரும்பியபின், சில காலத்துக்குள் வியாதி அவரைப் பிடித்துக்கொண்டது. வாந்தி, வயிற்று உப்புசம், நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றல். லண்டனில் பெரிய பெரிய டாக்டர்களைப் பார்த்தார். ஆயினும் அப்பாவின் யோசனைக்கு இருந்த மதிப்பு வேறு யாருடைய யோசனைக்கும் இல்லை. 1848 நவம்பரில் அப்பா காலமானார். உடம்பு முடியாத பிள்ளையால் சவ அடக்கத்துக்குக்கூட உரிய நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. நாலே மாதத்தில் அவர் புது டாக்டரைத் தேடிக்கொண்டார். அப்பா உயிரோடிருந்தால் அந்த மனிதரிடம் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

புது டாக்டரின் பெயர் ஜேம்ஸ் கல்லி. மால்வெர்ன் என்ற மலையடிவார ஊரில் நீர் வைத்தியம் நடத்தி வந்தார். கவி டென்னிஸனே அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1849 மார்ச்சில் மனைவி எம்மா, குழந்தைகள், வேலைக்காரர்கள் சகிதம் டார்வின் அங்கே போய் இறங்கினார். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் முக்கிய துணியால் உடம்பைத் தேய்ப்பார்கள். பிறகு நடை. பகலெல்லாம் வயிற்றில் ஈரத்துணிக் கட்டு. சர்க்கரை, வெண்ணெய், மசாலா எதுவும் கூடாது. இடையிடையே ஹோமியோபதி மாத்திரை வேறு. அதில் அணுவளவும் நம்பிக்கை இல்லாமலே விழுங்கியதாக டார்வின் எழுதுகிறார்.

ஆச்சரியம் என்னவென்றால், வாந்தி நின்றது! நாளைக்கு ஏழு மைல் நடக்கிற தெம்பும் வந்தது. ஜூன் கடைசியில் ஊர் திரும்பியவர், தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்த குளியல் குடில் ஒன்றைக் கட்டிக்கொண்டார். 1849 ஜூலை முதல் 1855 ஜனவரி வரை, ஒவ்வொரு பகலும் இரவும் உடம்பு எப்படி இருந்தது என்று கணக்குப்பிள்ளையைப்போல் குறித்தும் வைத்தார்.

கல்லியின் குறை அவருக்குத் தெரியாமல் இல்லை. 1850 செப்டம்பரில் தம் உறவினரும் நண்பருமான ஃபாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கல்லியின் மகளுக்கு உடம்பு மிகவும் மோசமாக இருந்ததாம். உடம்புக்குள் நடப்பதை ஞானதிருஷ்டியால் சொல்ல ஒரு பெண், தூங்க வைக்க ஒரு வசிய வித்தைக்காரர், ஹோமியோபதி டாக்டர் ஒருவர், இவர்களோடு நீர் வைத்தியர் என்ற முறையில் கல்லி! இத்தனை பேர் சூழ்ந்தும் பெண் பிழைத்துக்கொண்டாள். தம் அருமை டாக்டர் எதையும் நம்பிவிடுகிறாரே என்று டார்வின் அங்கலாய்க்கிறார். கேலியாகத்தான் எழுதுகிறார், ஆனால் அந்தக் கேலியில் பாசம் இருக்கிறது. டாக்டரை மாற்றுகிற எண்ணம் கடுகளவும் இல்லை.

அந்தக் கடிதம் எழுதிய சமயத்தில் அவருடைய மூத்த பெண் ஆனி இளைக்கத் தொடங்கியிருந்தாள். கல்லியின் யோசனைப்படி வீட்டிலேயே நீர் வைத்தியம் நடந்தது. குணம் தெரியாமற்போகவே, 1851 மார்ச்சில் அவளை மால்வெர்னுக்கு அழைத்துக்கொண்டு போய் விட்டுத் திரும்பினார். எம்மா நிறைமாதக் கர்ப்பிணியாதலால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஏப்ரல் நடுவில் அவசரச் செய்தி வந்து டார்வின் மறுபடி ஓடினார். கல்லி ஒரு நாளில் பல தடவை வந்து பார்த்தார், பிரியமாகவே நடந்துகொண்டார். அப்பா மணிக்கொரு தரம் மகளின் நிலையைக் குறித்து அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 23-ஆம் தேதி ஆனி போய்விட்டாள். வயது பத்து. காசநோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் ஊகிக்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து டார்வின் தம் குழந்தையைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். அவளுடைய கலகலப்பு அதில் இருக்கிறது, நடை இருக்கிறது, அப்பாவின் தலைமயிரை அவள் வாரி அழகு பார்த்தது இருக்கிறது. டாக்டரைப் பற்றிய புகார் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷம் அவர் மால்வெர்ன் பக்கமே திரும்பவில்லை.

1857-இல் மூர் பார்க்கில் லேன் என்ற இளம் டாக்டரைக் கண்டுபிடித்தார். கல்லி நம்புகிற குப்பையை எல்லாம் இவர் நம்பவில்லை. எந்த டாக்டராலும் விளக்க முடியாததை விளக்குவதாகப் பாவனையும் பண்ணவில்லை என்று மெச்சுகிறார். அடுத்த வருஷம் இந்த லேன் ஒரு விவாகரத்து வழக்கில் சிக்கிப் பத்திரிகைகளில் அடிபட்டபோது, டார்வின் அவர் பக்கமே நின்றார். கோர்ட்டும் லேனைக் குற்றமற்றவர் என்றது.

பிறகு வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1859-இல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வெளியானபோது இல்க்லி என்ற ஊரில் ஸ்மித் என்பவரின் நீர் வைத்தியத்தில் இருந்தார். அந்த டாக்டருக்கு நோயாளியைவிட ஃபீஸின்மேல்தான் கண் என்று குறைப்பட்டார். 1865-இல் சாப்மன் என்பவர் முதுகெலும்பின்மேல் ஐஸ் பை வைத்தார். பென்ஸ் ஜோன்ஸ் பட்டினி போட்டுக் குதிரையேறச் சொன்னார். கடைசிக் காலத்தில் ஆண்ட்ரூ கிளார்க் என்ற பெரிய டாக்டர் வாய்த்தார். அவர் ஃபீஸே வாங்குவதில்லை. வேலை மிகுந்த மனிதரை இனாமாக எப்படி அடிக்கடி கூப்பிடுவது என்று டார்வினுக்குச் சங்கடம்! ஃபீஸில் கண்ணாயிருந்தவரையும் பிடிக்கவில்லை, வாங்காதவரையும் கூப்பிட மனம் வரவில்லை. 1882 ஏப்ரலில் கடைசி நாட்களில் அவரைக் கவனித்தவர்கள் வேறு டாக்டர்கள்.

வியாதிதான் என்ன? தென் அமெரிக்காவில் கடித்த ஒரு பூச்சியால் வந்தது என்று 1959-இல் அட்லர் என்ற விஞ்ஞானி சொன்னார். மனக்கவலை என்றார்கள் சிலர். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றார்கள் வேறு சிலர். இவர்களும் ஒருவகையில் டார்வினுக்கு டாக்டர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு மறக்க முடியாதது 1863. உடம்பு மிகவும் கெட்டுப்போன அந்த செப்டம்பரில் டார்வின் எங்கே போனார் தெரியுமா? கல்லியின் மால்வெர்னுக்கே போனார். அந்த ஊரில் என்ன நடந்தது என்பதை மறந்தா போனார்? பழைய டாக்டரிடம் ஒரு தடவையாவது உடம்பு தேறியதை உடம்பு மறக்காது போலிருக்கிறது. ஆனால் கல்லி அப்போது தாமே நோய்வாய்ப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வைத்தியம் பார்த்தார். டார்வினுக்கு உடம்பு இன்னும் மோசமாயிற்று.

அந்தச் சமயத்தில் எம்மா மாதா கோவில் தோட்டத்துக்குப் போய் ஆனியின் சமாதியைத் தேடினாள். முதலில் அகப்படவே இல்லை. கல்லை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுகூடப் பயந்தார்கள். முன்பு அதைப் பார்த்திருந்த ஃபாக்ஸுக்குக் கடிதம் எழுதி அடையாளம் கேட்டார்கள். பிறகுதான் கிடைத்தது. மரங்கள் அடர்ந்து மறைத்திருக்க, பச்சை படர்ந்து, வெகு காலத்துக் கல்லைப்போல் அது அங்கேயே இருந்தது.