முகில்களுக்குப் பெயர் சூட்டியவர்

செடிகொடிகளையும் விலங்குகளையும் இலத்தீன் பெயர்களால் வகைப்படுத்தும் முறையை 18ஆம் நூற்றாண்டிலேயே லின்னேயஸ் நிலைநாட்டிவிட்டார். ஆனால், கணந்தோறும் உருமாறும் முகில்களுக்கு அத்தகைய பொதுப் பெயர்கள் அப்போது இருக்கவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் பேராசிரியர் அல்லர்; மருந்துப் பொருட்களை உற்பத்தி செய்து வந்த லூக் ஹவார்ட். 1802 டிசெம்பரில் லண்டனில் சிறியதோர் அறிவியற் கழகத்தில் அவர் ஆற்றிய உரை மறு ஆண்டில் அச்சேறியது. முகில்களின் தோற்றங்கள் எண்ணற்றவை எனினும், அடிப்படை வடிவங்கள் மூன்றே என்பது அவர் கருத்து. சுருள்மயிர் போன்றது சிரஸ். குவியல் போன்றது குமுலஸ். விரிப்புப் போன்றது ஸ்ராட்டஸ். மழை பொழியும் முகிலுக்கு நிம்பஸ் என்று பெயரிட்டார். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் என்பதால், சிரோகுமுலஸ் போன்ற கூட்டுப் பெயர்களையும் அமைத்தார். மாற்றத்துக்கும் இடமளித்ததே அவரது திட்டத்தின் பலமாகும்.

அதே 1802இல் பிரான்சில் லமார்க்கும் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். இயற்கை விஞ்ஞானத்தில் அவர் பெரும் பெயர் பெற்றவர். ஹவார்டோ அன்று அதிகம் அறியப்படாதவர். ஆயினும் லமார்க்கின் பெயர்கள் வழக்கொழிந்தன. அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, அவை பிரெஞ்சு மொழியில் அமைந்திருந்தமையே. ஹவார்ட் கையாண்ட இலத்தீனோ ஐரோப்பியக் கல்விமான்களுக்குப் பொதுவானது. ஜேர்மனியக் கவிஞர் கோதே அவரைப் போற்றிக் கவிதையே எழுதினார்.

வெவ்வேறு நாடுகளில் வானத்தை அவதானிப்போர் தாம் கண்டவற்றை ஒப்பிட வேண்டுமாயின் பொதுச் சொற்கள் அவசியம். அத்தேவையிலிருந்து 1896இல் சர்வதேச முகில் படத்தொகுப்பு பிறந்தது. இன்று வழங்கும் பத்துப் பெரும் வகைகளின் பெயர்களும் ஹவார்டின் சொற்களைத் தழுவியவையே. 2017இல் உலக வானிலை அமைப்பு அத்தொகுப்பைப் புதுப்பித்து, உருளை வடிவ முகிலுக்கு வோலூட்டஸ் என்ற பெயரைச் சேர்த்தபோதும் இலத்தீன் மரபையே பின்பற்றியது.

தமிழில் இவ்வடிப்படை வகைகளைக் கீற்று, திரள், படை என அழகுறப் பெயர்த்துள்ளோம். எனினும் இலங்கையில் முகில் என்பது தமிழகத்தில் பெரும்பாலும் மேகம். இங்கே இரசாயனவியல், அங்கே வேதியியல். இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல். மேகமும் முகிலும் எவருக்கும் விளங்கும். ஆனால் இரு கரைகளிலிருந்தும் பெயர்ந்தோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் தமிழ் பயிலும் நாடுகளில், எந்தக் கலைச்சொல்லைக் கற்பிப்பது என்ற கேள்வி எழவே செய்யும். லமார்க்கின் பெயர்களில் பிழையிருக்கவில்லை. ஆனால், அவை ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. நமது கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.