சூரியன் கோட்டை கட்டிய நாள்

கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலப் புத்தகத்தில் ஏற்றியவர்களில் ஒருவர் கடற்கொள்ளைக்காரர். பெயர் வில்லியம் டாம்பியர். 1697-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய உலகப் பயண நூலில், பெரு நாட்டுக் கரையில் பார்த்த மரத்தெப்பங்களைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தவர், சோழமண்டலக் கரையில் இவற்றைக் கட்டுமரம் என்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறார். காசிமேட்டில் கட்டுமரம் ஏறிய குடும்பத்தில் பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டு வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன் நான். அவரைத் தேடிப் படிக்க எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

1651-ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஈஸ்ட் கோக்கர் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். டச்சுக்காரர்களுடன் நடந்த போரில் கடற்படையில் இருந்தார். பிறகு மெக்சிகோவின் கம்பீச்சி விரிகுடாவில் சதுப்புக்குள் நின்று சாயமரம் வெட்டினார். 1679-ல் கரீபியக் கடலில் ‘பக்கனீர்’ என்று சொல்லப்பட்ட கொள்ளைக் கூட்டத்தோடு சேர்ந்தார். ஸ்பானியர்களின் கப்பல்களும் கரையோர ஊர்களும்தான் அவர்களுடைய இலக்கு. ஸ்பெயினோடு இங்கிலாந்து சமாதானமாக இருந்த காலம் அது. பகைவனைத் தாக்கினோம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருசிலரிடமே இருந்த ஒரு பழக்கம் அவரிடமும் இருந்தது: அன்றாடம் எழுதுவது. 1681-ல் பனாமாப் பகுதியின் காட்டைக் குறுக்கே நடந்து கடந்தார்கள். இருபத்து மூன்று நாள் நடை, வழியெல்லாம் மழை, நெஞ்சளவு ஆறுகள். தன் குறிப்புத் தாள்களை ஒரு பெரிய மூங்கில் கணுவுக்குள் சுருட்டி வைத்து, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்துக்கொண்டு ஆறுகளை நீந்தியிருக்கிறார். எங்கள் வீட்டில் சித்தப்பா தீப்பெட்டியையும் பீடியையும் நனையாமல் கடலுக்குக் கொண்டுபோக என்னென்ன பாடுபடுவார் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மூங்கிலைப் பற்றிப் படித்த அன்றே அவர் எனக்கு வேண்டியவராகிவிட்டார். அதனால்தான் இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அந்த மூங்கிலுக்குள் எல்லாமே இருந்ததாகச் சொல்ல முடியாது. 1683-ல் அவர் இருந்த கூட்டம் ஆப்பிரிக்காவின் கினிக் கரையோரம் ஒரு டென்மார்க் கப்பலைப் பிடித்தது. பகை நாடும் இல்லை, பழைய வழக்கும் இல்லை, வெறும் திருட்டு. பிடித்த கப்பலிலேயே ஏறித் தென் அமெரிக்காவைச் சுற்றிப் பசிபிக் போனார்கள். டாம்பியரின் புத்தகம் அந்தக் கரையைப் பற்றி எழுதுகிறது, கப்பல் வந்த வழியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

1688 மே மாதம். ‘சிக்னெட்’ என்ற கப்பலில் பசிபிக்கைக் கடந்து, மிண்டனாவோ, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை என்று அலைந்து நிக்கோபாருக்கு வந்திருந்தார். இந்தக் கூட்டம் இனி வேண்டாம் என்று அங்கே கரையில் இறங்கிக்கொண்டார். ஆங்கிலேயர் மூவர், ஒரு போர்த்துக்கீசியர், நான்கு அச்சே நாட்டு மலாய்க்காரர்கள் என்று எட்டுப் பேர். ஒரு கோடாரியைக் கொடுத்து நிக்கோபார்க்காரர்களிடம் ஓடம் ஒன்று வாங்கினார்கள். முதலிலேயே அது கவிழ்ந்து, டாம்பியரின் தாள்கள் நனைந்தன. நெருப்பு மூட்டி ஒவ்வொரு தாளாக உலர்த்தினார். அச்சேக்காரர்கள் ஓடத்தின் இரு பக்கமும் மரக்கை கட்டினார்கள். தாழை இனத்துப் பழத்தில் செய்த அப்பமும், தேங்காய்ச் சிரட்டைகளில் தண்ணீரும், ஒரு பையடக்கத் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு சுமத்ராவை நோக்கிப் புறப்பட்டார்கள்.

மே 18-ஆம் தேதி சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் விழுந்தது என்று எழுதுகிறார். அதைப் பார்த்ததும் கலக்கம் வந்துவிட்டது அவருக்கு.

எங்கள் பக்கம் அதைக் கோட்டை கட்டுவது என்போம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் கரையில் சித்தப்பா வலைக்கயிற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். “சூரியன் கோட்டை கட்டிக்கினு கீறான் பாரு. மரத்த மேல ஏத்துடா” என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது, காற்றே இல்லை. மணலில் மரத்தை இழுத்து ஏற்றி முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அன்றிரவு கூரை நிற்கவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்த சனங்களுக்குச் சித்தப்பாவின் அந்தப் பார்வை பரம்பரைச் சொத்து. டாம்பியருக்கும் அது இருந்தது. காற்றுகளையும் நீரோட்டங்களையும் பற்றி 1699-ல் அவர் வெளியிட்ட கட்டுரையை, பல தலைமுறை மாலுமிகள் கையோடு வைத்திருந்தார்கள்.

ஆனால் நடுக்கடலில் இருப்பவருக்கு ஏற்ற மணல் ஏது? காற்று வலுத்தது. குறுக்கே போனால் மரக்கை முறியும், ஓடம் கவிழும் என்று, காற்று தள்ளிய பக்கமே ஓடவிட்டார்கள். டாம்பியரும் இன்னொருவரும் மாறி மாறித் துடுப்பால் திசை பிடிக்க, மற்றவர்கள் நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இருட்டு. சுற்றிலும் வெள்ளையாக நுரை மட்டும். மே மாதத்தில் நிக்கோபாருக்குத் தெற்கே கச்சான் கிளம்பும்போது அந்தக் கடலில் நான் எத்தனையோ முறை காவல் நின்றிருக்கிறேன். இருபத்தெட்டாயிரம் டன் கப்பலின் மேல்தளத்தில் நின்றும் கைப்பிடியை விடாமல் நின்ற இரவுகள் உண்டு. எட்டுப் பேர் ஒரு ஓடத்தில் என்றால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த இரவில்தான் அவர் தன்னைத் தானே பார்த்தார். இதற்கு முன் பல ஆபத்துகளைக் கண்டிருக்கிறேன், அவையெல்லாம் இரத்தம் சூடாக இருந்தபோது திடீரென்று வந்தவை என்கிறார். இது மெல்ல மெல்ல, கண்ணெதிரே வந்தது. பழைய செயல்களை எண்ணியபோது உடல் நடுங்கியது என்கிறார். முன்பு வெறும் வெறுப்பு மட்டுமே தந்த காரியங்கள் இப்போது நினைக்கவே பயம் தந்தன. இந்த வாழ்க்கையை நினைத்து எப்போதோ வருந்தத் தொடங்கியவன்தான், ஆனால் இந்த அளவுக்கு உறைத்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பக்கங்களை நான் நம்புகிறேன். கடலில் அப்படிப்பட்ட இரவை அறிந்தவர்கள் யாரும் நம்புவார்கள்.

சுமத்ராக் கரையை எட்டினார்கள். எல்லோருக்கும் காய்ச்சல். அதில் இருவர் பிழைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1690-ல், அவர் எங்கள் ஊருக்கு வந்தார். புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக எலிஹு யேல் இருந்த காலம். கடலிலிருந்து பார்க்கக் கோட்டை மிக அழகாக இருந்தது என்று மகிழ்ந்து எழுதுகிறார். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், அலையைக் கடந்து கரை சேர்ப்பது நம்மவர்களின் மசூலாப் படகு. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். அவரையும் எங்கள் முன்னோர் யாரோதான் இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

அவர் கோட்டையில் தங்கியிருந்தபோது மிண்டனாவோவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதில் வந்த ஆங்கில வணிகர் ஒருவர் இரண்டு பேரை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்திருந்தார். ஜியோலி என்ற இளைஞர், அவருடைய தாய். மிண்டனாவோவுக்குத் தெற்கே மியாங்காஸ் என்ற தீவுக்காரர்கள். ஜியோலியின் மார்பு, முதுகு, தோள், கால் எங்கும் நுணுக்கமான பச்சை. அந்த வணிகர் டாம்பியரிடம் ஒரு யோசனை சொன்னார்: சுமத்ராவுக்கு வா, சிறு கப்பல் ஒன்று வாங்கித் தருகிறேன், ஜியோலியை அவன் தீவில் கொண்டுபோய் விட்டு அங்கே கிராம்பு வியாபாரம் தொடங்கலாம். டாம்பியர் சம்மதித்துக் கிளம்பினார்.

சுமத்ராவின் பென்கூலன் போனதும் கப்பல் பேச்சு கரைந்துபோனது. அங்கிருந்த ஆங்கிலக் கோட்டையில் டாம்பியரைப் பீரங்கிப் பொறுப்பில் அமர்த்தினார்கள். வாக்குத் தவறியதற்கு ஈடாக அந்த வணிகர் தாய், மகன் இருவரிலும் பாதிப் பங்கை எழுதிக் கொடுத்தார். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார், நிக்கோபார் இரவில் நடுங்கிய அதே மனிதர்.

இருவருக்கும் நோய் வந்தது. கூடவே இருந்து கவனித்தார், என் சகோதரனையும் சகோதரியையும் போலப் பார்த்துக்கொண்டேன் என்று அவரே எழுதுகிறார். தாய் இறந்துவிட்டாள். மகன் ஆறாத துக்கத்தில் கிடந்தான். 1691 ஜனவரியில், பென்கூலன் கவர்னர் விடமாட்டார் என்று தெரிந்து, டாம்பியர் நள்ளிரவில் கோட்டைச் சுவரின் பீரங்கித் துளை வழியாக ஊர்ந்து வெளியேறிக் கப்பல் ஏறினார். ஜியோலியையும் கூட்டிக்கொண்டார். இங்கிலாந்து சேர்ந்ததும் கையில் காசில்லை என்று அவரை விற்றுவிட்டார். லண்டனில் ஒரு விடுதியில் ‘வண்ணம் பூசிய இளவரசர்’ என்று அறிவிப்பு அச்சிட்டு, கட்டணம் வைத்துக் காட்டினார்கள். கொஞ்ச காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் அம்மை கண்டு இறந்தார்.

டாம்பியரைத் திருந்தாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்பானியனின் வெள்ளியைப் பறித்தது பாவம் என்று அவருக்கு உறைத்தது. ஒரு மனிதனில் பாதியைத் தனக்கென்று எழுதி வாங்கியது உறைக்கவே இல்லை. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை, டென்மார்க் கப்பலை மறைத்தவர் ஜியோலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அந்த அறிவிப்பில் இருந்த கட்டுக்கதைகளை, பச்சை குத்திய உடம்பை விஷப்பூச்சி அண்டாது என்பதையெல்லாம், பொய் என்று திருத்துகிறார். அவரை விற்றதைத் திருத்த எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

புத்தகம் பெரும்பெயர் தந்தது. 1698 ஆகஸ்டில் சாமுவேல் பீப்ஸின் வீட்டு விருந்தில் அவரைச் சந்தித்த எழுத்தாளர் ஜான் ஈவ்லின், தன் நாட்குறிப்பில் அவரை முதலில் இரண்டு விஷயங்களால் அடையாளப்படுத்துகிறார்: பேர்பெற்ற கொள்ளைக்காரர், அந்த வண்ண இளவரசரைக் கொண்டுவந்தவர். ஜியோலியின் பெயரை ஈவ்லின் பிழையாக எழுதியிருக்கிறார். மறுவருடம் அரசுக் கப்பலான ‘ரோபக்’கின் தலைவராகப் புறப்பட்டார். இவன் பழைய கொள்ளைக்காரன், கப்பலோடு ஓடிவிடுவான் என்று துணை அதிகாரி ஃபிஷர் சந்தேகப்பட்டார். டாம்பியர் அவரைப் பிரம்பால் அடித்து, விலங்கிட்டு, பிரேசிலில் சிறையில் ஒப்படைத்தார். 1702-ல் கடற்படை நீதிமன்றம் அரசுக் கப்பல் எதற்கும் தலைமை ஏற்கத் தகாதவர் என்று தீர்ப்பளித்தது. சம்பளமும் போயிற்று.

ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் எங்கள் கப்பல் மியாங்காஸைக் கடந்தது. இந்தோனேசியாவின் வடக்கு எல்லையோரம், வரைபடத்தில் ஒரு கடுகு. விடியற்காலைக் காவல் என்னுடையது. ரேடாரில் முதலில் தெரிந்தது, பிறகு கண்ணுக்கே தெரிந்தது: ஒரு சின்ன மேடு, அடியில் தென்னை வரிசை, கரையில் இரண்டு மூன்று ஓடங்கள், இரு பக்கமும் மரக்கை கட்டியவை. தொலைநோக்கியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திசையையும் தூரத்தையும் குறிப்பேட்டில் பதிந்தேன். பக்கத்தில் நின்ற பயிற்சிப் பையன் “ஏன் சார், அங்க யாராவது தெரிஞ்சவங்களா?” என்று கேட்டான். ஜியோலியின் பெயரைச் சொன்னேன்.