அமைதிப்படையும் யாழ் மருத்துவமனையும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை ஒன்றில் வாயிற்காவலராயிருக்கும் எம் பங்கினர் ஒருவர், 1987இல் இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணம் சென்றவர். அவ்வாலைக்கு வண்ணம் பூச வருவோருள் சிலர், கிருஷ்ணகிரி மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத்தமிழர். அவர்களின் சீட்டைச் சரிபார்த்து உள்ளே விடுவது இவர் பணி. "எந்த ஊருன்னு மட்டும் நான் கேக்கறதில்ல, சாமி" என்றார் ஒருமுறை. அதன் பொருளை அறிய நாம் அவ்வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டியதாயிற்று.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் பிற்சேர்க்கை, இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைத்தால், போர்நிறுத்தத்தை உறுதி செய்யவும் வலிந்து நிறைவேற்றவும் இந்தியப் படை வரலாம் என்றது. உறுதி செய்வது வேறு, வலிந்து நிறைவேற்றுவது வேறு. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது அமைந்த ஐ.நா. அவசரப் படை, சம்பந்தப்பட்டோரின் இசைவையும் நடுநிலையையும் அடித்தளமாகக் கொண்டது. தற்காப்புக்கன்றிச் சுடலாகாது என்பது அதன் நெறி. இந்திய வீரரும் அதில் பணியாற்றினர். யாழ்ப்பாணம் சென்றதோ ஐ.நா. படையன்று. அரசு அழைத்தது, விடுதலைப்புலிகள் ஒப்பமிடவில்லை, மக்களை எவரும் கேட்கவில்லை. ஆயினும் முதலில் மாலையிட்டு வரவேற்றவர்கள் அம்மக்களே.

அக்டோபர் 5 அன்று, கொழும்புக்குக் கொண்டு செல்லப்படவிருந்த புலிகள் பலாலியில் நஞ்சுண்டனர், பன்னிருவர் மாண்டனர். பின்னர்ப் புலிகள் தங்களிடம் சிறைப்பட்டிருந்த சிப்பாய்களையும் சிங்களப் பொதுமக்களையும் கொன்றனர். 10ஆம் நாள், காக்க வந்த படை போரிடும் படையாயிற்று.

அக்டோபர் 21 தீபாவளி. அன்று இந்திய வீரர்கள் யாழ் மருத்துவமனைக்குள் நுழைந்தனர். உள்ளிருந்து சுட்டார்கள் என்பது படையின் கூற்று. புலிகள் முன்னரே வெளியேறிவிட்டனர் என்பது உயிர்தப்பியோர் சாட்சியம். மறுநாட் காலை, கைகளை உயர்த்தியவாறு செவிலியருடன் வெளிவந்த மருத்துவர் ஒருவரும் சுடப்பட்டார் என்றனர் அவர்கள். நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

உள்ளிருந்து சுட்டதாகவே கொள்வோம். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை அதற்கும் வழி கூறுகிறது: எச்சரிக்கை விடுத்து, உரிய அவகாசம் தந்து, அதுவும் செவிமடுக்கப்படாதபோதே மருத்துவமனை தன் காப்பை இழக்கும். இது நாடுகளுக்கிடையிலான போரன்று, ஆதலால் அவ்விதி பொருந்தாது என வழக்கறிஞர் வாதிடலாம். ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிற்கும் பொதுவான 3ஆம் உறுப்பு உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பேணுமாறு அது பணிக்கிறது. இந்தியா 1950இலேயே இவற்றை ஏற்ற நாடு.

ஏற்றது சரி, முறையிடுவது யாரிடம்? நீலத் தொப்பி அணிந்த படைகளுக்கும் இக்கேள்வி உண்டு. 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஐ.நா. காப்பை நம்பிய ஆயிரக்கணக்கான ஆண்கள் கொல்லப்பட்டனர். தாய்மார் வழக்குத் தொடுத்தபோது, 2012இல் டச்சு உச்ச நீதிமன்றம் ஐ.நா.வுக்கு விலக்குரிமை உண்டென்றது. 2019இல் டச்சு அரசுக்கு, சுமார் 350 பேர் சாவில் பத்து விழுக்காட்டுப் பொறுப்பு உண்டென்றது. அந்த அளவுகூட யாழ் மருத்துவமனையில் இறந்தோரின் உறவினர்க்கு வாய்க்கவில்லை.

வீரர்களின் துயரும் சிறிதன்று. ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். 1990 மார்ச்சில் திரும்பியோரை வரவேற்க, அந்நாள் முதல்வர் மு. கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லவில்லை. ஆணையிட்டவர்களின் தீர்மானத்துக்கு, கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் தலைகுனிந்தான்.

எம் காவலர் மருத்துவமனைப் பக்கம் போனவரல்லர். கேட்காமலேயே அதைச் சொன்னார். அவரது பதிவேட்டில் ‘ஊர்’ என்றொரு கட்டம் உண்டு. வண்ணம் பூச வருவோர் அதில் முகாமின் பெயரையே எழுதுகின்றனர்.