சிறைக்கும் கணவனுக்கும் நடுவே

1858-ல் அந்தமானில் தொடங்கிய தண்டனைக் குடியிருப்புக்கு, ஆண்களோடு சிறு எண்ணிக்கையில் பெண் கைதிகளும் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்கள் வாழ்க்கையை ஆண்ட விதிகளைப் பிரிட்டிஷ் இந்திய அரசின் இம்பீரியல் கெசட்டியர் பதிவுசெய்திருக்கிறது. வீட்டு வேலைக்கு அனுமதி பெற்றவளையும் கணவனோடு வசிக்கும் மனைவியையும் தவிர, மற்ற எல்லாப் பெண்களும் பெண்கள் சிறையிலேயே இருக்க வேண்டும். வந்து ஐந்தாண்டு கழிந்தால் மணம் செய்துகொள்ளலாம். மணமானவள் 15 ஆண்டில் கணவனோடு ஊர் திரும்பலாம். மணமாகாதவளுக்கு 20 ஆண்டு. தம்பதியர் ஒருவர் தண்டனை முடியும்வரை மற்றவர் காத்திருந்து, சேர்ந்தே புறப்பட வேண்டும். அடிக்கிற கணவனை விட்டு வெளியேறினால் அவளுக்கு எஞ்சியது என்ன? வேலைக்கு ஒரு வீடு கிடைக்காவிட்டால், மறுபடி சிறைதான். குடும்பக் கொடுமையைக் கூரையே பூட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் அரிது.

அந்தத் திருமணங்களில் நல்லவையும் இருந்தன, இன்றைய தீவுச் சமூகத்தில் ஒரு பகுதி அவற்றின் வழிவந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இணக்கமாக வாழ்ந்தவளுக்கு அந்த விதி உறைத்திருக்காது; அடிபட்டவளுக்குத்தான் அது சுவராக நின்றது. ஒரு விதியை அவளிடத்திலிருந்துதான் எடைபோட வேண்டும்.

இன்று அப்படிச் சட்டம் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. சட்டம் இல்லை, நிலைமை இருக்கிறது. தீவில் வாழும் ஒருத்தியின் தாய்வீடு தமிழ்நாட்டில் என்றால் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவில் இருப்பவளுக்கோ, தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேயர்) போகவே கடல் தாண்ட வேண்டும். வீடு கணவன் பெயரில், டிக்கெட்டுக்கான பணமும் அவன் கையில். அதனால்தான் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவை நான் முதன்மையாகக் கருதுகிறேன்: வீட்டில் உரிமைப் பங்கு இல்லாவிட்டாலும் மனைவிக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. அடிப்பதை மட்டுமல்ல, ஓயாமல் இழிவுபடுத்துவதையும், பாலியல் கொடுமையையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும், நகையைப் பறித்துக்கொள்வதையும் இச்சட்டம் வன்முறை என்றே சொல்கிறது.

பாதிக்கப்பட்டவள்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்தாதீர்கள், அழையுங்கள்.